நாற்காலி போட்ட இடம்

அத்தியாயம் 11

காலை ஐந்தே முக்காலுக்கு நோரீன் ஃபீனி இரண்டாம் மாடி ஜன்னலின் திரையை விலக்கிக் கீழே பார்த்தாள். பார்த்ததும் வயிறு குளிர்ந்தது.

தெருவிளக்குக்குக் கீழே அந்த வெள்ளி நிறக் கார் அப்படியே நின்றது. கூரையிலிருந்து சக்கரம்வரை ஒரு விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. கதவு எங்கே முடிகிறது, கைப்பிடி எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழு வாளித் தண்ணீர். நேற்று மாலை ஆறரை மணிக்கு இந்தக் கையால்தான் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அது உறைந்துகொண்டே வந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசிகூடத் தெரியவில்லை.

ஏன் ஊற்றினாள் என்பது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டனின் தென்கோடியில், டோலன் தெருவில், வீடுகளெல்லாம் மூன்று மாடி. வீட்டுக்கு நாலு கார். நிறுத்தும் இடமோ வீட்டுக்கு ஒன்றுகூடத் தேறாது. பனிப்புயல் வந்து இரண்டடி கொட்டிவிட்டால், முதுகு ஒடிய வெட்டி எடுத்தவருக்குத்தான் அந்த இடம். வேலைக்குப் போகும்போது அங்கே ஒரு நாற்காலியையோ குப்பைத்தொட்டியையோ வைத்துவிட்டுப் போகலாம். புயல் ஓய்ந்து இரண்டு நாளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை என்று நகராட்சி சொல்கிறது. பனி உருகும்வரை என்று தெரு சொல்கிறது. டோலன் தெருவில் எது செல்லும் என்று கேட்கவே வேண்டாம். நாற்காலியை நகர்த்தியவனின் காரில் டயர் இறங்கியிருக்கும், கதவில் ஆணிக் கீறல் இருக்கும், குளிர் அதிகமான நாளென்றால் வாளித் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை நோரீன் ஐந்து மணி நேரம் வெட்டினாள். வெட்டிய இடத்தில் அப்பாவின் மஞ்சள் நாற்காலியை வைத்தாள். அப்பா மார்ட்டி ஃபீனி முப்பது வருஷம் நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அவர் நாற்காலியை அந்தத் தெருவில் ஒருத்தரும் தொட்டது கிடையாது. நேற்று அவள் வேலை முடிந்து திரும்பியபோது அந்த இடத்தில் வேறு மாநில எண் பலகையோடு ஒரு கார் நின்றது. நாற்காலியைக் காணோம். பனிக்குவியல் மேல் தூக்கி எறிந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இது இருந்த சுவடே இல்லை.

முக்கால் மணி நேரம் சுற்றி, பன்னிரண்டு தெரு தள்ளிக் கடற்கரையோரமாக ஓர் இடம் பிடித்துக் காரை விட்டுவிட்டு, இரண்டு முறை வழுக்கி விழுந்து வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் நேராக வாளியைத்தான் எடுத்தாள். எதிர்வீட்டு மிஸ்டர் கியோ தன் வாளியையும் நிரப்பிக் கொடுத்து உபகாரம் செய்தார்.

இப்போது அவள் ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஆலையில் ஏழு மணிக்கு வேலை. இந்தக் குளிர்காலத்தில் தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு முறை எழுத்தில் எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை எச்சரிக்கை கிடையாது, வீட்டுக்கு அனுப்புவதுதான்.

நாலு நாளாக அவள் பின்பக்கப் படியில்தான் ஏறி இறங்குகிறாள். கீழ்வீட்டில் இருக்கும் அம்மாவோடு பேச்சு இல்லை. அப்பாவின் கனத்த குளிர்க்கோட்டை, நோரீனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மா சர்ச்சுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதில் வந்த சண்டை. இன்றைக்கு மண்வெட்டி முன்வாசலில் கிடந்ததால் முன்படியில் இறங்க வேண்டியதாயிற்று.

அம்மாவின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

பெக் ஃபீனி, எழுபத்திரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமை கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு சின்னப் பையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எந்த சர்ச்சும் திறந்திருக்காது. எதிரே ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மேவ். நோரீனின் தங்கை. அப்பாவின் சாவுக்குக்கூட வராதவள்.

நாலு வருஷம் கழித்துத் தங்கையைப் பார்க்கிற நோரீன் தங்கையைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த மஞ்சள் நாற்காலியைத்தான் பார்த்தாள்.

“இது எப்படி உள்ள வந்துச்சு?”

“நல்லா கேக்கறே. ‘எப்படிடி இருக்கே’ன்னு கேக்க மாட்டியா?” என்றாள் மேவ். “நான் வண்டி நிறுத்தணும்னு அம்மாதான் எடுத்து உள்ள வச்சா. நேத்து அஞ்சு மணிக்கு வந்தேன். வந்ததும் பின்ரூம்ல படுத்தவதான், இப்பதான் எழுந்திருச்சேன்.”

நேற்று நோரீன் தண்ணீர் ஊற்றியது மேவின் காரில். அந்தக் கார் விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்தது. அதனால்தான் வேற்று எண் பலகை.

“எங்க கிளம்பறீங்க?” என்று கேட்டாள்.

அம்மா பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மேவ்தான் சொன்னாள். அம்மாவின் மார்பில் கட்டி. நவம்பரிலேயே அம்மாவுக்குத் தெரியும். இன்றைக்கு அறுவைச் சிகிச்சை. ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இன்றைக்கும் நேரத்துக்கு வராவிட்டால் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது, கட்டி காத்திருக்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

இரண்டு வருஷம் அப்பாவுக்கு மலம் அள்ளியவள் நோரீன். இந்த வீட்டின் கொதிகலன் நின்றாலும் கூரை ஒழுகினாலும் ஓடி வருகிறவள் அவள். மாடியில் பத்தே படி தூரத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லாமல், அரிசோனாவில் வெயில் காய்கிறவளுக்குச் சொல்லியிருக்கிறாள் அம்மா. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் பொறாமைதான் வந்தது. அதற்காக அவளுக்கு வெட்கமும் வந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லலே?”

“உனக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வந்திருக்கு,” என்றாள் அம்மா. “லீவு கேட்டா வேலை போயிடும். அதான் இவளைக் கூப்பிட்டேன். தெருவுல யாருக்கும் தெரியக் கூடாது, ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்.”

மேவ் சாவியை எடுத்தாள். தண்ணீர் ஊற்றியதை நோரீன் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தங்கையின் பின்னால் மண்வெட்டியோடு நடந்தாள்.

வாசலில் இறங்கிய மேவ், காரின் முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். ராத்திரி மழை பெய்ததா என்று கேட்டாள். பக்கத்துக் காரைப் பார்த்தாள். அதன்மேல் மாவு தூவினாற்போல் உலர்ந்த பனிதான் இருந்தது. அவளும் இந்தத் தெருவில் பிறந்தவள்தானே, புரிந்துவிட்டது.

“எவனோ தண்ணி ஊத்தியிருக்கான். இந்தத் தெரு இன்னும் திருந்தலையா? எந்த நாய்டி இதைப் பண்ணிச்சு?”

“பேசிட்டு நிக்காதே,” என்றாள் நோரீன். “முதல்ல கதவைத் திறக்கப் பாரு.”

அப்பாவின் சுத்தியலை எடுத்து வந்து கதவின் ஓரமாகத் தட்டினாள். நகத்தளவு நகத்தளவாகத்தான் பெயர்ந்தது. தான் செய்த வேலையின் நேர்த்தி அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. கைப்பிடிகளை மூன்றாவது வாளியால் தனியாகக் கவனித்தது நினைவுக்கு வந்தது. பூட்டுத் துளையில் சொட்டுச் சொட்டாக விட்டது நினைவுக்கு வந்தது. முன்ஜன்னலில் அம்மா கோட்டோடு உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரை ஆயிற்று. மேவ் உள்ளே ஓடினாள். நோரீன் பின்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் தங்கை திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. படீரென்று ஒரு சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மேவின் கையில் கெட்டில். கொதிக்கக் கொதிக்க முன்கண்ணாடியில் ஊற்றியிருக்கிறாள். கண்ணாடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல் விட்டுவிட்டது. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது என்பது இந்தத் தெருவில் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். பதினைந்து வருஷம் பாலைவனத்தில் இருந்தவளுக்கு மறந்துபோயிற்று.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. மேவ் கெட்டிலைப் படியில் வைத்துவிட்டு டாக்சிக்குப் போன் செய்தாள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று உள்ளே போய்க் கேட்டதற்கு, சங்கு ஊதிக்கொண்டு தெருவே வேடிக்கை பார்க்கத் தன்னைத் தூக்கிப் போவதானால் தான் வீட்டைவிட்டே நகரமாட்டேன் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மிஸ்டர் கியோவுக்கு எழுபத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகிறது. அவருடைய பெரிய நீலக் கார் ஞாயிறன்றே பனியிலிருந்து மீண்டு பளபளவென்று நின்றது. எடுத்தால் இடம் போய்விடும் என்பதால் அன்றிலிருந்து அதை ஓர் அங்குலம்கூட அவர் நகர்த்தவில்லை. நோரீன் அந்தக் காரைப் பார்த்தாள். அவரிடம் ஓடிப்போய்க் கேட்டுவிடலாம் என்று தெருவில் இறங்கினாள். அதற்குள் காப்பிக் கோப்பையோடு அவரே வந்துவிட்டார்.

“வேலைன்னா இதுதான் வேலை,” என்றார், உறைந்த காரைச் சுற்றிவந்து. “ஒரு இடம் விடலையே நோரீன். அந்த நாலாவது வாளியை ரொப்பித் தந்தப்பவே நெனச்சேன், மார்ட்டிக்கு ஏத்த பொண்ணுன்னு. அந்தாளு இருந்திருந்தா இன்னைக்கு உனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்திருப்பாரு.” அப்புறம்தான் மேவைப் பார்த்தார். “இது யாரு?”

“இந்த வண்டிக்காரி,” என்றாள் மேவ். “மார்ட்டியோட ரெண்டாவது பொண்ணு.”

கியோ காப்பியை ஒரு வாய் குடித்தார்.

நோரீனுக்கு வெட்கப்பட நேரமில்லை. மணி ஏழு ஆகப்போகிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு காரைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டாள். அம்மாவை அவசரமாக ஓரிடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், போன உடனே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். எங்கே என்று அவர் கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் அம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“சர்ச்சுக்கா? சாமி எங்கம்மா ஓடிடப் போறாரு,” என்றார் கியோ, ஜன்னலில் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் பார்த்து. தன் இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “எடுத்தா இடம் போயிடுமே. நாற்காலி வச்சுட்டுப் போலாம்னா, இப்பல்லாம் நாற்காலியை யாரு மதிக்கறா?” சொல்லிவிட்டு மேவின் காரை ஒரு பார்வை பார்த்தார். “மத்தியானத்துக்கு மேல கேளு, பாக்கலாம்.”

அவர் போனார். கதவு மூடியது.

“நீயாடி?” என்றாள் மேவ்.

“உன் வண்டின்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி தாண்டிப் போயிற்று.

“தெரிஞ்சிருந்தா பத்து வாளி ஊத்தியிருப்பே,” என்றாள் மேவ். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் நோரீனைச் சுட்டது.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நோரீன் நடந்தாள். தன் காரை எடுத்து வரப் பன்னிரண்டு தெரு. நடைபாதையில் பாதிப்பேர் பனியை வெட்டவில்லை, வெட்டிய இடமெல்லாம் வழுக்கியது. மூன்றாவது தெருவில் விழுந்தாள், எழுந்தாள். சட்டைப்பையில் போன் அடித்தது. ஆலையின் மேற்பார்வையாளர். மணி ஏழு ஐந்து. எடுத்து என்ன சொல்வது? அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடற்கரையோரம் போய்ச் சேர்ந்தால், விடியற்காலையில் நகராட்சி வண்டி வந்து சாலைப் பனியையெல்லாம் அவள் காரின் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. இடுப்புயரம். தள்ளிய பனி சும்மா விழுந்த பனி இல்லை, உப்பும் கல்லும் சேர்ந்து இறுகிப்போனது. சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இப்படித்தான் வரிசை வரிசையாகக் கார்களை மூடிக்கொண்டு போவதை அவளும் மேவும் கைதட்டி ரசித்திருக்கிறார்கள். யாருடைய கார், யாருக்கு என்ன அவசரம் என்று அப்போது அவர்கள் யோசித்ததில்லை.

வெட்டினாள். மூச்சு வாங்கியது. கையுறைக்குள் கொப்புளம் உடைந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒருத்தரைத் திட்டினாள். மேவை, கியோவை, நகராட்சியை, சொல்லாமல் மறைத்த அம்மாவை. எல்லாரையும் திட்டி முடித்த பிறகு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். ஏழரை ஆகும்போது பாதிதான் முடிந்திருந்தது. ஏழரையில் கதவை மூடிவிடமாட்டார்கள், கால் மணி அரை மணி பொறுப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபாதியை வெட்டினாள்.

கார் வெளியே வந்தபோது மணி ஏழு ஐம்பது. வழியில் குப்பை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். டோலன் தெருவுக்கு வந்தபோது எட்டு அடித்து ஐந்து நிமிஷம். நிறுத்த இடமில்லை. இருந்தால்தானே. நடுத்தெருவில் எஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அம்மாவின் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொப்பி மேசைமேல்.

நடைவழியில் மேவ் போனை வைத்தாள். அரை மணி நேரமாகக் கெஞ்சியிருக்கிறாள். எட்டு மணிவரைக்கும் பார்த்துவிட்டு இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மார்ச் மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரம். இதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அக்காவைத் தொட்டுவிடாமல் ஒதுங்கி, மேவ் வெளியே போனாள்.

நோரீன் சமையலறைக்குள் போனாள். அம்மா தனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி, ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னபடி. இப்போது இரண்டு துண்டு ரொட்டியை வாட்டி, ஓரம்வரைக்கும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்து வந்த நோரீனுக்கு அதைப் பார்க்கத் திகைப்பாக இருந்தது.

“அம்மா, என்னை மன்னிச்சிடு. அது மேவோட வண்டின்னு எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் அம்மா.

“என்ன தெரியும்?”

“நீ ஊத்தினது. அந்த ஜன்னல்லதான் உட்கார்ந்திருந்தேன். கியோ வாளி ரொப்பித் தந்ததையும் பார்த்தேன்.”

வெளியே நோரீனின் காருக்குப் பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான். அவள் நகரவில்லை.

“கண்ணாடியை ஒரு தட்டு தட்டியிருக்கலாமே. ஒரே ஒரு தட்டு.”

“தட்டியிருக்கலாம்.” அம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள். “யாரு கூட்டிட்டு வருவா, பேரைச் சொல்லுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. உன் பேரைச் சொல்லியிருந்தா, நீ வேலையைத் தூக்கிப் போட்டுட்டு என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பே. அதான் அவ பேரைச் சொன்னேன். அப்பன் சாவுக்கே வராதவ, இதுக்கா வரப்போறான்னு. வராட்டி நான் என்ன செய்ய முடியும், கூட்டிட்டுப் போக ஆளில்லைன்னு சொல்லிடலாமில்ல.”

நோரீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அது அந்த மஞ்சள் நாற்காலி.

“ஆனா வந்துட்டாளே,” என்றாள் அம்மா. “கதவைத் திறந்தா பெட்டியோட நிக்கறா. வண்டி நிறுத்த இடமில்லன்னு சொன்னா, போய் நாற்காலியை எடுத்து வச்சேன். வேற என்ன செய்யறது? அப்புறம் உன் கையில வாளியைப் பார்த்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. நீ நல்லா ஊத்தணுமேன்னு இருந்துச்சு.”

“செத்துடுவேம்மா நீ.”

“உங்கப்பனையும் அறுத்தாங்க. உள்ள போன ஆளு மனுஷனா திரும்பி வந்தாரா? ரெண்டு வருஷம் நீதானே அள்ளிக் கொட்டினே. எனக்கு அது வேண்டாம். பயமா இருக்குடி.” கையில் ஒட்டிய வெண்ணெயைத் துணியில் துடைத்தாள். “மார்ச்சு மூணுக்கும் பனி பெய்யும். இதையெல்லாம் மேவ்கிட்ட சொல்லி வைக்காதே.”

நோரீனுக்கு அம்மாவைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இந்தக் குடும்பத்தில் அதெல்லாம் பழக்கமில்லை. எழுந்து வெளியே போனாள்.

ஹாரன் அடித்தவன் பின்வாங்கி வேறு தெரு வழியாகப் போய்விட்டிருந்தான். மேவ் சுத்தியலால் காரைத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் விரிசல் விட்ட காரை இனித் திறந்து என்ன பயன்? இருந்தாலும் தட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பிப்போக டிக்கெட் இருக்கிறது.

நோரீன் கணக்காக யோசித்தாள். இன்னும் ஐந்து வாரம் அம்மாவைத் தனியாக விட்டால், தேதியை மாற்றச் சொல்லி அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுவாள். மார்ச் மூன்றாம் தேதி அவளைக் காரில் ஏற்ற ஓர் ஆள் போதாது. மேவ் இருந்தாக வேண்டும். இத்தனை வருஷத்தில் நோரீன் தங்கையிடம் எதையும் கேட்டதில்லை, கேட்கமாட்டேன் என்பதே அவளுடைய பெருமை.

“உள்ள அம்மா என்ன சொல்றா?” என்றாள் மேவ், திரும்பாமலேயே.

உண்மை நோரீனின் நாக்கு நுனியில் இருந்தது. வரமாட்டாய் என்பதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டாள். ஒரே வாக்கியம். அப்பாவின் கட்டிலோரம் தனியாக உட்கார்ந்திருந்த ராத்திரிகளுக்கெல்லாம் சேர்த்துச் சரியான கூலி அது. சொன்னால் இனித்திருக்கும். சொன்னால் மேவ் ஞாயிறுவரைக்கும்கூட இருக்கமாட்டாள்.

“ஏன் உன் பேரைக் கொடுத்தான்னு கேட்டேன்,” என்றாள் நோரீன். “நீ எப்படியும் வந்துடுவேன்னு அவளுக்குத் தெரியுமாம். அதான் உன்னைக் கூப்பிட்டாளாம். என்னைவிட உன்னைத்தான் நம்பினாளாம்.”

சுத்தியல் நின்றது. மேவ் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்படியா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னா.”

மேவ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அம்மா டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மேவ் மெல்லக் கையைத் தூக்கிக் காட்டினாள். இங்கே என்ன பேச்சு நடந்தது என்று தெரியாத அம்மாவும் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“டிக்கெட்டை மாத்த முடியுமான்னு பாக்கறேன்,” என்றாள் மேவ். “நீ கேட்டதுக்காக இல்லே.”

“நான் ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் நோரீன்.

அவள் சட்டைப்பையில் போன் மறுபடி அடித்தது. ஆலைதான். நடுத்தெருவில் அவள் கார் புகைவிட்டுக்கொண்டு நின்றது. பின்னால் இன்னொரு கார் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கார், இல்லாவிட்டால் ஒரு நாற்காலி. போனைக் காதில் வைத்துக்கொண்டு, காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமலே நோரீன் அதை நோக்கி நடந்தாள்.